பின்னாலிருந்து குரைக்காத நாய்

"என் பேரு டிஜோ. வயசு இருபத்தஞ்சு. ஊரு குளச்சலு. இப்பம் இருக்கது பஹ்ரைன்ல, மனாமாவுல. ஏசி ரிப்பேரு சோலி. அண்ணே, உங்க வீட்டுல ஸ்பானியல் குட்டி நிக்குன்னு ஷைஜு சொன்னான். அதுல ஒண்ணு எங்க வீட்டுக்கு வேணும். எங்க அம்மாவுக்காக்கும். கடிக்காத குட்டியா பாத்து வையுங்க."

மொட்டைமாடியில் கழற்றிப்போட்ட ஏசிப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்து, போனைக் கருவிப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, டிஜோ இதைச் சொல்லி முடித்தான். கை இரண்டிலும் கரியும் எண்ணெயும். அவன் பேசப் பேசப் போனே எழுதிக்கொண்டது. அனுப்பிய பிறகு வாசித்துப் பார்த்தான். நாய்க்குட்டி வாங்குவதற்கு வயது எதற்கு என்று அப்போதுதான் தோன்றியது. வேலை கேட்டே பழகிப்போன வாய்.

எட்டிப் பார்த்து வாசித்த ஷைஜு கேட்டான்: "நீ குட்டி கேக்கியா, பெண்ணு கேக்கியா? சம்பளத்தையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே மக்கா."

ஷைஜு தக்கலைக்காரன். ஒரே கம்பெனி, ஒரே அறை. அவனுடைய ஊரில், அரண்மனைக்குப் போகிற ரோட்டில், தேவகுமார் என்பவர் வீட்டில் ஐந்து ஸ்பானியல் குட்டிகள் இருப்பதாகச் சொன்னவன் அவன்தான்.

டிஜோவுக்கு நாய்கள் மேல் முன்பு பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. போன மாதம் ஒரு வீட்டில் ஏசி பார்க்கப் போனபோதுதான் அந்த நாயைக் கண்டான். காது தரையைத் தொட, பட்டுத்துணி மாதிரி மயிரோடு, அது சோபாவில் இருந்த வீட்டுக்கார அம்மாளின் பாதத்தின் மேல் படுத்திருந்தது. அந்த அம்மாள் எழும்பப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி "எங்க?" என்பது போலப் பார்த்தது. அவள் சிரித்துக்கொண்டு மறுபடி இருந்துவிட்டாள். வேலை முடிகிறவரை அவள் எழும்பவே இல்லை.

டிஜோவுக்கு உடனே அம்மா ஞாபகம் வந்தது. அவன் அப்பா சூசை சாயங்காலம் நாலு மணிக்கு வள்ளத்தில் போனால் காலையில்தான் கரை சேருவார். அதுவரை அம்மா குளோரிக்கு உறக்கம் கிடையாது. அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். இதுநாள்வரை தங்கச்சி அபினா கூட இருந்தாள். "ஏம்மா, வந்து கிட" என்று இழுத்துக்கொண்டு போவாள். அடுத்த மாதம் அவளும் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். பிறகு அந்த வீட்டில் அம்மாவும் ஸ்டூலும் மட்டும்தான். பஹ்ரைனில் இருந்துகொண்டு டிஜோவும் பாதி ராத்திரி விழித்துக் கிடந்தான். அம்மாவின் காலைப் பிடித்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் நாய்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது குளோரி முதலில் எதிர்த்தாள்.

"எனக்கு ஒரு பட்டியும் வேண்டாம். மாடியில நெத்தோலி காயப்போட்டா காக்காய விரட்டியதே பெரும்பாடு. பட்டியையும் சேத்து விரட்டவா?"

"அது அப்படிப்பட்ட பட்டி இல்லம்மா. காலடியில கெடக்கும்."

"காலடியில கெடந்தா நான் தட்டி விழணும். அதுக்கா இவ்வளவு தூரத்துல இருந்து சொல்லியா?"

அம்மாவைச் சரிக்கட்டிவிடலாம் என்று டிஜோவுக்குத் தெரியும். சூசைதான் சிக்கல். அவர் வலையில் கிழிந்த இடத்தைக் கோத்துக்கொண்டே போனைப் பார்க்காமல் பேசினார்.

"நாயி நல்லதுதான். ஆனா நான் கடலுக்கு இறங்கும்போ அது பின்னால நின்னு குலைக்கும்லா?"

"குலைக்கத்தானப்பா செய்யும். நாயில்லா."

"அப்போ அது என்னைக் கூப்பிட்டதா, இல்லியா?"

அபினா சிரித்துவிட்டாள். "நாயிக்கு அதெல்லாம் தெரியுமாப்பா?"

"நாயிக்குத் தெரியாது. கடலுக்குத் தெரியும்லா."

அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து அழைக்க மாட்டார்கள். சோற்றுப் பாத்திரத்தை மறந்து போனாலும் சரி, வேறு சந்து வழியாக ஓடி, சுற்றி வந்து, எதிரே நின்று நீட்ட வேண்டும். சூசை இதில் ஒரு நூல் விலக மாட்டார். மூன்று வருடத்துக்கு முன் டிஜோ முதன்முதலாக விமானம் ஏறப் போன அன்று இது அவரைப் படுத்திய பாடு தெருவுக்கே தெரியும். கார் முனை திரும்பிய பிறகுதான் குளோரி பார்த்தாள், பாஸ்போர்ட் பிரிட்ஜ் மேல் இருக்கிறது. போன் போடலாம் என்றாள் அபினா. "போனுல கூப்பிட்டாலும் கூப்பிட்டது கூப்பிட்டதுதான்" என்று சொல்லிவிட்டு சூசை பைக்கை எடுத்தார். கார் தக்கலையில் இன்னொருவரை ஏற்றிக்கொண்டு சுற்றிப் போகும். இவர் கருங்கல் வழியாகக் குறுக்கே விட்டார். மார்த்தாண்டத்தில் முந்தி நின்று, பைக்கைத் திருப்பி, காருக்கு எதிரே வந்து கைகாட்டினார். பாஸ்போர்ட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு வந்த வழியே போனார். அதுவரை மகன் தன் பாஸ்போர்ட் தன் பையில்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்டவரிடம் நாய்க்குப் பரிந்து பேசி ஜெயிக்க முடியாது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"நான் இறங்கும்போ குலைக்காத நாயி எங்கயாவது உண்டுமானா கொண்டு வாங்க. எனக்கு எதிர்ப்பு இல்ல."

"அப்படி ஒரு நாயி உண்டுமா?" என்று டிஜோ அன்றைக்கு ஷைஜுவிடம் கேட்டான்.

"உண்டு. ஆனா அது சாவியதுக்கு முந்தின நாளு கெடக்கிற நாயா இருக்கும்" என்றான் ஷைஜு.

வெள்ளிக்கிழமை டிஜோவுக்கு விடுமுறை. அன்றைக்கு அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் தக்கலைக்குப் போனார்கள். அபினா வீடியோவில் அழைத்துப் போனைப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் சம்மணமிட்டிருந்த டிஜோவின் தோள் மேல் ஷைஜு தாடையை வைத்துப் பார்த்தான்.

தேவகுமார் வீட்டு முற்றத்தில் பலாமரத்தடியில் ஐந்து குட்டிகளும் உருண்டுகொண்டிருந்தன. பொன் நிறத்தில் இரண்டு, கறுப்பு இரண்டு, தவிட்டு நிறமும் வெள்ளையும் கலந்த ஒன்று. தேவகுமார் அனுப்பிய போட்டோவிலேயே டிஜோ ஒரு பொன்னிறக் குட்டியைத் தேர்ந்து சொல்லி வைத்திருந்தான். நெஞ்சில் வெள்ளைப் பொட்டு. இரண்டு வாரமாக உறங்குமுன் அதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

"இதாக்கும் உங்க மகன் சொன்ன குட்டி" என்று தேவகுமார் அதைத் தூக்கினார்.

"இருக்கட்டும். எல்லாத்தையும் கீழ விடுங்க" என்றார் சூசை.

பிறகு அவர் செய்த காரியத்துக்கு யாரும் தயாராக இருக்கவில்லை. நேராகக் கடலுக்குப் போகிற எண்ணத்தில் வந்திருந்ததால் சோற்றுப் பாத்திரம் வைத்த ஒயர் கூடை கையிலேயே இருந்தது. தோர்த்துத் துண்டைத் தலையில் கட்டினார். சாரத்தை மடித்துக் கட்டினார். குட்டிகளைப் பார்த்து, "அப்போ நான் கடலுக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தார்.

தேவகுமார் குளோரியைப் பார்த்தார். "தக்கலையில ஏது கடலு?"

"நீங்க ஒண்ணும் பறையாதீங்கண்ணே" என்றாள் குளோரி. "அவரு பரீச்ச வைக்கியாரு."

குட்டிகள் ஒரே நேரத்தில் குரைத்தன. உலகத்தில் அன்றைக்கு அதிகம் குரைத்த நாய் டிஜோ தேர்ந்த பொன்னிறக் குட்டிதான். குரைக்கிற வேகத்தில் பின்பக்கமாகச் சரிந்து விழுந்து, எழுந்து மறுபடி குரைத்தது.

"மக்கா, உனக்க ஆளு தோத்துட்டான்" என்றான் ஷைஜு.

தவிட்டுக் குட்டி மட்டும் கஞ்சிச் சட்டியில் முகத்தை விட்டு, இரண்டு காதும் கஞ்சியில் மிதக்க நின்றது.

சூசை திரும்பி வந்தார். மறுபடி கிளம்பினார். மறுபடி கச்சேரி. தவிட்டுக் குட்டி இந்தத் தடவை தலையைத் தூக்கி, காதில் கஞ்சி சொட்ட, அவர் போவதைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

டிஜோவுக்குப் பயம் பிடித்தது. "ஏட்டி அபி, அதுக்குக் காது கேக்குமா? காதுல கெட்ட நீரு இருந்தா இப்படி மிண்டாம நிக்குமாம். நான் வீடியோவுல பாத்தேன்."

"உனக்கு எதுலதான் பேடி இல்ல" என்றாள் அபினா. அதற்குள் குளோரி அதன் பின்னால் போய்ச் சட்டி மூடியைத் தட்டினாள். குட்டி வெடுக்கென்று திரும்பி அவளைப் பார்த்து, நறுக்கிவிட்டதால் இல்லாத வாலை ஆட்டுவதற்காக இடுப்பு முழுவதையும் ஆட்டியது. குளோரி குனிந்து தன் சேலை முந்தியால் அதன் காதைத் துடைத்துவிட்டாள். பட்டி வேண்டாம் என்று சொன்ன குளோரிதான்.

மூன்றாவது தடவை சூசை கேட்டைத் திறந்து ரோட்டுக்கே போய்விட்டார். நான்கு குட்டிகளும் கேட்டில் முன்னங்காலை வைத்துக் கத்தின. தவிட்டுக் குட்டியைக் காணோம். அபினா போனோடு முற்றத்தில் ஓடினாள். பஹ்ரைனில் டிஜோவுக்குப் பலாமரமும் வானமும் அபினாவின் செருப்பும் மாறி மாறித் தெரிந்தன.

"எங்கட்டி போச்சு? ரோட்டுல வண்டி வரும், பாரு."

அது மதில் ஓரத்தில் தண்ணீர் போகிற ஓவு வழியாக நுழைந்து வெளியே போயிருந்தது. சூசை நாலைந்து எட்டு வைப்பதற்குள், சுற்றி வந்து, அவருக்கு எதிரே ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் மண்ணில். முகம் மேலே. சத்தம் இல்லை.

சூசை அப்படியே நின்றார். தலையில் கட்டிய தோர்த்தை அவிழ்த்தார்.

"குளோரி" என்றார். குரல் மெல்ல வந்தது. "இவன் சுத்தி வந்து முன்னால நிக்கியான் பாத்தியா."

தேவகுமார் பின்னால் ஓடி வந்தார். "அண்ணே, உள்ளதச் சொல்லணும். அஞ்சுல இவனுக்குத்தான் குறும்பு கூடுதல். செருப்பெல்லாம் கடிப்பான். உங்க மகன் சொன்னது அந்தப் பொன்னு நிறமுள்ளதுலா?"

"அவனா இஞ்ச வாறான் கடலுக்கு? செருப்புதான, கடிக்கட்டும்" என்று சூசை குட்டியைத் தூக்கி ஒயர் கூடைக்குப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மந்திரி போவும்போ முன்னால ஒரு வண்டி போவும்லா, அதுக்கு என்ன பேரு?"

"பைலட்டு" என்றாள் அபினா.

"அப்போ அதாக்கும் இவனுக்குப் பேரு."

டிஜோவின் இரண்டு வாரக் காதல் அத்தோடு முடிந்தது. ஆனால் அவனுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அப்பா ஒரு குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதை, தங்கச்சி பிறந்த காலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான்.

புறப்படும் நேரம் குளோரி போனை வாங்கிக்கொண்டு பலாமரத்துக்குப் பின்னால் போனாள்.

"மக்களே, உன்கிட்ட ஒண்ணு சொல்லுதேன். அப்பாட்ட பறையாத. அந்த ஒயர் கூடையில சாள மீனு பொரிச்சு வச்சிருந்தேன். மணம் பிடிச்சாக்கும் இவன் சுத்திப் போயி முன்னால நின்னான்."

"அப்போ இது வேண்டாமாம்மா?"

"நான் வேண்டாம்னா சொன்னேன்? பறையாதன்னுதான சொன்னேன்" என்று குளோரி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கு, பஹ்ரைனில் மதியச் சாப்பாட்டு நேரம், டிஜோ குப்பூஸ் ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கடிக்காமல் போனைப் பார்த்திருந்தான். சூசை வாசல் இறங்கினார். பைலட் எழுந்தான். ஒரு துண்டு கேக் தின்கிற நேரம் அவரைப் பார்த்தான். பிறகு அடுக்களை வழியாக ஓடி, பின்வாசலைத் தாண்டி, கோயில் சந்தில் சுற்றி, தெரு முனையில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். சூசை கூடைக்குள் கைவிட்டு ஒரு துண்டு சாளை எடுத்துக் கொடுத்தார். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாளடைவில் தெருவே அந்தக் காட்சிக்குக் காத்து நின்றது. அதைவிட டிஜோவுக்குப் பெரிய செய்தி குளோரி ஒரு காலையில் குரலில் அனுப்பியது.

"மக்களே, நேத்து என்ன நடந்துன்னு கேளு. ஸ்டூலப் போட்டு இருந்தேனா, இந்தச் சவம் வந்து எனக்க ரெண்டு காலு மேலயும் கெடந்துட்டு. எழும்பப் பாத்தா மூஞ்சியப் பாத்து முனங்கியான். சரி, கெடக்கட்டும்னு சொவருல சாஞ்சேன். கண்ணத் தொறந்தா அப்பா முன்னால மீனோட நிக்கியாரு. விடிஞ்சிட்டு."

டிஜோ அதை ஏழெட்டு முறை கேட்டான். அன்றைக்கு அவன் ஏசி கழுவும்போது பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததாக ஷைஜு எல்லோரிடமும் சொன்னான்.

சந்தோஷத்தோடு கவலையும் சேர்ந்து வருவது அவன் சுபாவம். அந்தக் குட்டி இல்லாமல் போனால்? ரோட்டில் ஆட்டோ அடித்துவிட்டால்? ஆட்டோ மோதின நாய் ஒன்றின் வீடியோவை எங்கிருந்தோ தேடி எடுத்து அபினாவுக்கு அனுப்பினான். கூடவே சொல்லித் தட்டச்சாக்கி அனுப்பினான்: "பின்வாசலுக்குக் கொண்டி போட்டு வையிட்டி. எப்பமும் போட்டு வையி." அபினா ஹாஸ்டலுக்குப் போக மூன்று நாள்தான் இருந்தது. அண்ணன் சொன்னானே என்று போட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் சூசை வாசல் இறங்கினார். பைலட் பின்வாசலுக்கு ஓடினான். அடைத்திருந்தது. கதவைப் பிராண்டினான். முன்வாசலுக்கு ஓடி வந்தான். அவர் தெரு முனையை எட்டிவிட்டார். அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் முதன்முறையாக அவன் வாயைத் திறந்தான். தெருவெல்லாம் கேட்கக் குரைத்தான்.

சூசை நின்றார். திரும்பி வீட்டுக்கு நடந்தார். கூடையை அடுக்களையில் வைத்தார். அன்றைக்கு வள்ளம் இறங்கவில்லை.

அபினா அழுதுகொண்டே அண்ணனுக்கு அழைத்தாள். "அப்பா ஒண்ணும் மிண்டல்ல. முற்றத்துல இருக்காரு. நாயத் திருப்பிக் கொண்டு விடச் சொல்லுவாருன்னு அம்மா அவனத் தூக்கி மடியில வச்சிட்டு விட மாட்டேங்கியா."

டிஜோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். அம்மாவின் காலைப் பிடித்து வைக்க ஆள் தேடிக் கொடுத்தவனும் அவன், அந்த ஆளுக்கு வழியை அடைத்தவனும் அவன்.

"போன அப்பாட்ட குடு" என்றான்.

சூசை போனை வாங்கினார். டிஜோ அவர் பேசுமுன் சொன்னான்: "அப்பா, நாயி மேல குத்தமில்ல. கொண்டி போடச் சொன்னது நான்."

சூசை போனை நிமிர்த்திப் பிடித்தார்.

"அதத்தான் நானும் இஞ்ச இருந்து யோசிச்சேன். இவன் என்னைக்கும் முன்னால வாறவனாச்சே, இன்னைக்கு எதுக்குப் பின்னால நின்னு கத்துனான்னு. வழிய அடச்சா பின்ன அவன் என்ன செய்வான்? கூப்பிட்டது அவன் இல்லப்பா. கதவ அடச்சவனாக்கும்."

"நான் வண்டி அடிச்சிருமோன்னு பேடிச்சு..."

"அப்போ நீயாக்கும் பஹ்ரைன்ல இருந்து எனக்கப் பின்னால கூப்பிட்டிருக்கா." சொல்லும்போதே சூசையின் மீசை ஒருபக்கம் ஏறியது. "இவ்வளவு தூரத்துல இருந்து கூப்பிட்டா கடலுக்குக் கேட்டிருக்காது. நாளைக்கு நான் போறேன்."

உள்ளேயிருந்து குளோரி நாயோடு எட்டிப் பார்த்தாள். ஆபத்து நீங்கிற்று என்று கண்டு அவனைக் கீழே விட்டாள். பைலட் ஓடிவந்து சூசையின் பாதத்தின் மேல் சரிந்தான்.

"நீ போன அன்னைக்கு நாங்க ஒருத்தரும் பின்னால நின்னு உன்னைக் கூப்பிடல்ல, ஓர்மை இருக்கா?" என்றார் சூசை, நாயைப் பார்த்துக்கொண்டு. "மூணு வருசமாவும் திரும்பி வான்னு கூப்பிடல்ல. கூப்பிடத் தோணாமலா இருந்து? போனவன் நல்லபடியா இருக்கட்டும்னாக்கும்."

சூசை குனிந்து நாயின் காதைத் தடவினார்.

"கிறிஸ்மஸுக்கு லீவு கேளு. நீயா வந்து முன்னால நில்லு. சாள துண்டு உனக்கும் தாறேன்."

போனை வைத்த பிறகு டிஜோ முகத்தைத் துடைத்தான். கையில் இருந்த கரி கன்னத்தில் ஏறியது. ஷைஜு பார்த்துச் சிரித்தான். டிஜோவும் சிரித்தான். பிறகு போனைக் கருவிப்பெட்டியின் மேல் சாய்த்து வைத்து, வீட்டு குரூப்பைத் திறந்து, நிதானமாகச் சொன்னான்:

"டிஜோ பேசுதேன், பஹ்ரைன்ல இருந்து. இதை யாரு முதல்ல வாசிச்சாலும் சரி. எழும்பிப் போயி பின்வாசல் கொண்டியத் தெறந்து வையுங்க. நாளைக்கு நாலு மணிக்கு அடைச்சிராதீங்க."